சிலுவையைப் பிரம்பாக்க வேண்டா



தன்கதை எழுதுக என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்பது ஆசிரியர் எல்லார்க்கும் மனப்பாடம். நான் ஒரு பென்சில். நான் ஒரு குடை. நான் ஒரு காலணி. தொழிற்சாலையில் பிறந்தேன், கடையில் தொங்கினேன், ஒருவர் வாங்கிச் சென்றார், பழையதானதும் குப்பைத்தொட்டியில் வீசினார். திருத்தித் திருத்திக் கை சலித்துப் போகும். சென்ற ஆண்டு, தானா ராத்தாவில் மழை விடாத ஒரு பிற்பகலில், நான்காம் ஆண்டுப் பயிற்சி நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரை என் சிவப்புப் பேனாவை நிறுத்திவிட்டது. தலைப்பு: 'நான் ஓர் ஆணி'.

"நான் இயேசுவின் வலது கையில் இருக்கிறேன். ஒரு பையன் பொய் சொன்னால் நான் கொஞ்சம் உள்ளே போவேன். அவன் தங்கையை அடித்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போவேன். எனக்கு உள்ளே போக விருப்பம் இல்லை. ஆனால் அந்தப் பையன் திருந்த மாட்டான் போலிருக்கிறது."

அவ்வளவுதான் கட்டுரை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. மறுநாள் ஓய்வு வேளையில் அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன்: "இதை யாரப்பா உனக்குச் சொன்னது?" அவன் மிக இயல்பாகச் சொன்னான்: "அம்மா சொன்னாங்க சார். பாட்டியும் சொன்னாங்க." அவ்வாண்டு அவன் புதுநன்மை வாங்க வேண்டியவன். முதல் பாவசங்கீர்த்தனத்துக்காகப் பழைய பயிற்சி நூல் ஒன்றில் தன் பாவங்களை எண்ணிட்டு எழுதி வைத்திருந்தான். அறுபத்து மூன்று. பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி பறித்தது, செபமாலை சொல்லும்போது தூங்கியது, தங்கை பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தது. நாற்பத்தொன்றாவது பாவத்துக்கு நேரே 'எனக்குத் தெரியாத பாவம்' என்று எழுதியிருந்தான். ஒன்றை மறந்துவிட்டால் மற்றவையும் மன்னிக்கப்படா என்று யாரோ சொன்னார்களாம். மறந்தது மன்னிக்கப்படும், வேண்டுமென்றே மறைத்ததுதான் சிக்கல் என்பது மறைக்கல்வியின் பாலபாடம். சொன்னவர் பாதியை விழுங்கிவிட்டார். பிள்ளை மீதிப் பாதியோடு உறங்காமல் கிடக்கிறான்.

மதிப்பீட்டு அறிக்கை வாங்க வந்த தாயாரிடம் மெல்லப் பேச்செடுத்தேன். நல்ல பெண்மணி. தோட்டத்து வேலையும் வீட்டு வேலையுமாக ஓய்வே அறியாதவர். "எங்கம்மா எனக்குச் சொன்னதைத்தானே சார் நான் அவனுக்குச் சொல்றேன். நான் என்ன கெட்டா போயிட்டேன்?" என்றார். அப்போது என்னால் விடை சொல்ல இயலவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தரும் தாமதமான விடை. அவர்மீது எனக்குச் சினம் இல்லை. நம்மீதுதான் சினம்; குறிப்பாக என்மீது.

என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஐந்து வெள்ளி காணாமல் போயிற்று. அவளருகே அமர்ந்திருந்தவன் ஒரு கத்தோலிக்கப் பையன். நானும் கத்தோலிக்கன் என்பது அவனுக்குத் தெரியும். அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று பெருமை பேசித் திரிந்த காலம் அது. ஆகவே பிரம்பை எடுக்கவில்லை. சட்டைக்குள் இருந்த சங்கிலியை வெளியே இழுத்துச் சிலுவையை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, "இவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், சொல்" என்றேன். அவன் அழுதான், எடுத்தேன் என்றான். மன்னிப்புக் கேட்கவைத்தேன். மறுவாரம் அந்த ஐந்து வெள்ளி, மாணவியின் பைக்குள் கிழிந்திருந்த உள்துணிக்கு அடியிலிருந்து வந்தது. எடுக்காததை ஏன் எடுத்தேன் என்றாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன விடை இன்றும் என் காதில் நிற்கிறது: "அவர் என்னையே பார்த்தாரு சார்."

பிரம்பு உண்மையான திருடனையாவது அடிக்கும் வாய்ப்பு உண்டு. நான் பிடித்த சிலுவை திருடாதவனைத் திருடனாக்கியது.

சிலுவை தானாகப் பேசுவதில்லை. அதன் வாயில் நாம் ஒரு வாக்கியத்தை வைக்கிறோம். பிள்ளைக்குக் கேட்பது அந்த வாக்கியம்தான். தைப்பூசத்தன்று எங்கள் ஊரில் அலகு குத்திக் காவடி எடுத்து வரும் அடியார்களைப் பார்த்து என் மகள், சிறு வயதில், "இந்த அண்ணன் என்ன பாவம் பண்ணினாரு?" என்று கேட்டாள். அருகில் நின்ற அண்டை வீட்டு அக்காள் சிரித்துவிட்டு, "பாவம் இல்லடா கண்ணு. அவங்க அம்மாவுக்கு உடம்பு நல்லாயிடுச்சு, அதுக்கு நன்றி" என்றார். குத்தப்பட்ட உடலைக் கண்டவுடன் 'யார் செய்த தவறு?' என்று கேட்கும் பழக்கத்தை என் மகளுக்குக் கொடுத்தது யார்? நாங்கள்தாம். அந்த அக்காள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அக்கேள்வி தோன்றவே இல்லை.

இந்த வாக்கியம் கிறித்துவத்தோடு உடன்பிறந்தது என்று எவரும் எண்ண வேண்டா. முதல் சில நூற்றாண்டுகளின் கிறித்தவர்கள் ஆணியடித்த உடலை வரைந்து வைத்துக்கொள்ளவில்லை. உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் காணப்படுவன மீன், நங்கூரம், ஆட்டைத் தோளில் சுமக்கும் ஆயன். சிலுவையில் இயேசுவைக் காட்டும் மிகப் பழைய செதுக்கல்களுள் ஒன்று உரோமையின் புனித சபீனா ஆலயத்து மரக்கதவில் உள்ளது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் அவர் கண் திறந்து நிற்கிறார். தலை சாய்ந்து உயிர் நீத்த நிலையிலான பெரிய சுரூபங்கள் பத்தாம் நூற்றாண்டளவில்தான் வருகின்றன. செருமனியின் கொலோன் பேராலயத்துச் சுரூபம் அவற்றுள் புகழ் பெற்றது. நம் பக்கத்துச் சான்று வேண்டுமானால் சென்னைப் பரங்கிமலைக்குப் போகலாம். 1547இல் அங்கே போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவையில் உடலே இல்லை. பகலவி எழுத்து வளைந்தோடும் சட்டத்துக்குள், நுனிகளில் மொட்டு விரிந்த சிலுவை. மேலே ஒரு புறா. துன்பத்தை மறைத்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. வேறொரு செய்தியை முன்னால் வைத்தார்கள்.

பாடுபட்ட சுரூபம் வேண்டாம் என்கிறேனா? இல்லை. என் பாட்டி அந்தச் சுரூபத்தோடுதான் வாழ்ந்தார். லயத்து வீட்டின் முன்னறையில் அது தொங்கியது. பெரிய வெள்ளியன்று அவர் அதைக் கீழே இறக்கி மடியில் கிடத்திக்கொண்டு, கணவன் இறந்தபோது பாடிய அதே ஒப்பாரி மெட்டில் புலம்புவார். நானோ, என் அண்ணனோ செய்த குறும்புகள் அந்தப் புலம்பலில் ஒருபோதும் இடம்பெற்றதில்லை. ஒரு தாய் பெற்ற பிள்ளையைக் கொன்றுபோட்டார்களே என்பதுதான் அவர் துக்கம். தமிழ்க் கத்தோலிக்கம் சிலுவையை அணுகிய வழிகளுள் இதுவும் ஒன்று, தாயின் வழி. வீரமாமுனிவர் இத்தாலியர், ஆயினும் தமிழில் பாட வந்தபோது அன்னை அழுங்கல் அந்தாதி என்றொரு நூலை அந்த அன்னையின் துயருக்கென்றே பாடினார். இலங்கையில் உழைத்த கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் பெயரோடு வழங்கும் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகமிட்டு ஓதும் வழக்கம் ஈழத்துக் கரையூர்களில் தலைமுறை தலைமுறையாக வந்தது. அந்த அழுகை மற்றவர் துன்பத்துக்கானது. இன்று நாம் பிள்ளைக்குக் கற்பிப்பது தன்னைப் பற்றிய அழுகை. முன்னதில் கண் சிலுவையில் இருப்பவரைப் பார்க்கிறது. பின்னதில் பிள்ளை அவரைப் பார்ப்பதேயில்லை. தன் அறுபத்து மூன்று எண்களைப் பார்க்கிறான்.

இங்கே சிலர் நற்செய்தி நூலைத் திறப்பார்கள். தமக்காக அழ வேண்டா, உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்று எருசலேம் மகளிரிடம் இயேசுவே சொன்னாரே என்பார்கள். சொன்னார். அடுத்த வரிகளையும் படியுங்கள். அந்த நகரத்துக்கு வரப்போகும் அழிவைப் பற்றி அவர் எச்சரிக்கிறார். பிள்ளைகள் பொய் சொன்னால் ஆணி ஆழமாகும் என்று அங்கே எதுவும் இல்லை.

அடுத்து, நம் வீடுகளில் தொங்கும் திரு இருதயப் படம். தோட்டத்துக் கத்தோலிக்க வீடுகளில் வேறு படம் இல்லாவிட்டாலும் இது இருந்தது. சிவப்பு மின்குமிழ் ஒன்று அதன் முன் இரவு முழுவதும் எரியும். என் சிறுவயதில் அந்த ஒளியில் அவருடைய கண்கள் நான் நகரும் திசையெல்லாம் நகர்வதாகத் தோன்றும். சர்க்கரை டின்னைத் திறக்க முடியாது. "சாமி பார்க்கிறாரு" என்பதே வீட்டின் பூட்டு.

இப்படம் எதற்காகத் தோன்றியது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் சான்செனியம் என்றொரு கடுமையான போக்குத் தலைதூக்கியது. மனிதன் கறைபட்டவன், நன்மை வாங்கத் தகுதியற்றவன், அஞ்சி விலகி நிற்பதே பக்தி என்பது அதன் மனநிலை. 1643இல் அந்துவான் அர்னோ எழுதிய நூல் நற்கருணையை அடிக்கடி வாங்குவதையே கண்டித்தது. அதே நாட்டில், 1673க்கும் 1675க்கும் இடையே, பரே-ல-மோனியால் ஊரின் கன்னியர் மடத்தில் மார்கரீத் மரி அலக்கோக் என்னும் அருட்சகோதரி கண்ட காட்சிகளிலிருந்து திரு இருதய பக்தி பரவியது. இதயத்தைச் சுற்றி முள்முடி, பக்கத்தில் காயம், உச்சியில் தீச்சுவாலை. அத்தீ எரிப்பதற்கானதன்று, அன்பின் மிகுதியைக் காட்டுவது. அஞ்சி ஓடாதீர், அருகே வாருங்கள் என்று அழைக்க வந்த படம். சான்செனியர் அதை வெறுத்தார்கள், ஏளனம் செய்தார்கள். 1856இல் ஒன்பதாம் பத்திநாதர் இத்திருநாளைத் திருச்சபை முழுமைக்கும் ஆக்கினார். 2024 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிசு தம் கடைசிச் சுற்றுமடலை இந்த இருதயத்தைப் பற்றியே எழுதினார். அதன் தலைப்பே, அவர் நம்மீது அன்புகூர்ந்தார் என்பதாகும்.

அச்சத்துக்கு எதிராக வரையப்பட்ட படத்தைச் சர்க்கரை டின்னுக்குக் காவலாக வைத்தோமே! இதைவிடக் கொடிய தலைகீழாக்கத்தை நான் அறியேன்.

நான் தமிழாசிரியன். சொற்களைத் தொடாமல் இருக்க இயலாது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், 1578இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம். அதை ஆக்கிய அண்டிரிக் அடிகளாரே 1580இல் கொச்சியில் கொம்பெசியோனாயரு என்னும் நூலையும் அச்சிட்டார். பாவ அறிக்கை செய்வோருக்கு வழிகாட்டும் நூல் அது. இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறிய பெருமையைப் பேசி மகிழும் நாம், அந்த அச்சுப்பொறி இரண்டே ஆண்டுகளில் பாவக் கணக்கை நோக்கிப் போனதையும் கவனிக்கலாம். குறையாகச் சொல்லவில்லை. கடலோரப் பரதவர்க்கு அவர்கள் மொழியிலேயே சமயத்தை எழுதித் தந்த பெருந்தகை அவர்.

பின்னாளில் நிலைத்த சொல் பாவசங்கீர்த்தனம். சங்கீர்த்தனம் என்றால் எடுத்தோதுதல். புகழ்ந்து பாடுதல் என்றும் பொருள். பாவத்தைச் சொல்லுமிடத்தில் பாட்டின் சொல் எப்படி வந்தது என்று இளமையில் வியந்திருக்கிறேன். இலத்தீனிலும் அப்படியே. அங்கே கொன்பெசியோ என்னும் ஒரே சொல் குற்றத்தை ஏற்றலையும் இறைவனைப் புகழ்தலையும் குறிக்கும். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் எழுதத் தொடங்கிய தம் தன்வரலாற்றுக்குப் புனித அகுசுத்தீனார் அச்சொல்லையே தலைப்பாக்கினார். பதினாறு வயதில் பேரிக்காய் திருடியதைப் பக்கம் பக்கமாக ஆராயும் அந்நூல் முழுவதும் இறைவனை நோக்கிப் பேசும் பேச்சு. தன்னை நேசிப்பவரிடம்தான் ஒருவர் இவ்வளவு பேச முடியும்.

மனஸ்தாபம் என்று இன்னொரு சொல். இன்றைய வழக்கில் இரண்டு பேர் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தால் அவர்களுக்குள் மனஸ்தாபம் என்கிறோம். கத்தோலிக்கர் வழக்கில் அது செய்த தவற்றுக்காக மனம் வெந்து வருந்துதல். உத்தம மனஸ்தாப மந்திரம் என்று நாம் சிறுவயதில் உருப்போட்ட செபத்தின் தலைப்பில் 'உத்தம' என்னும் அடைமொழி ஏன் வந்தது? நரகத்துக்கு அஞ்சி வருந்துவது ஒரு வகை. இறைவன்மீதுள்ள அன்பினால் வருந்துவது ஒரு வகை. முன்னதைத் திருச்சபை தள்ளவில்லை, ஆனால் அது நிறைவற்றது என்றது. பின்னதே நிறைவானது என்றது. திரிதெந்து பொதுச்சங்கம் 1551இல் வகுத்துச் சொன்ன போதனை இது. அச்சத்தால் பிள்ளையைத் திருத்துவதே கத்தோலிக்க முறை என்று நினைப்போர் கவனிக்க: உங்கள் முறைக்குத் திருச்சபை கொடுத்த இடம் இரண்டாவது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனம் ஆயிற்று. ஒப்புரவறிதல் திருக்குறளின் இருபத்திரண்டாம் அதிகாரம் என்பதை என் மாணவர்களே சொல்வார்கள். வள்ளுவர் அங்கே பேசுவது உலகத்தோடு பொருந்தி, உள்ளதைப் பிறர்க்குப் பயன்பட வாழ்வதை. மன்னிப்புக்கு அச்சொல்லைத் தேர்ந்தவர் யாராயினும் அவரை வணங்குகிறேன். முறிந்த உறவை ஒட்டவைப்பதும் எடுத்ததைத் திருப்பித் தருவதும் அதற்குள் வந்துவிட்டன. பிள்ளைக்கு நாம் கற்பிக்க வேண்டிய பாவசங்கீர்த்தனம் இதுவே: பக்கத்து வீட்டு ஸ்ட்ராபெரியைப் பறித்தாயா? போய்ச் சொல். சனிக்கிழமை அவர் பாத்தியில் களை பிடுங்கிக் கொடு. முடிந்தது. அது தீர்க்கக்கூடிய கணக்கு. கல்வாரி மலையில் ஓர் ஆணி ஆழமாகிவிட்டது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை எப்படித் தீர்ப்பான்? தீர்க்க முடியாத கடனைத் தலையில் ஏற்றுவதற்குத் தோட்டத்து மக்களாகிய நாம் ஒரு பெயர் அறிவோம். கங்காணி கணக்கு!

"பயம் இல்லாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும்" என்பார் உண்டு. நம் ஆசிரியர் அறைகளிலேயே நாள்தோறும் கேட்கும் பேச்சு இது. முப்பது பிள்ளைகளை ஒருவராகக் கட்டி மேய்க்கும் ஆசிரியரின் சோர்வு எனக்குத் தெரியும். நானும் அதே வண்டியில் பூட்டிய மாடுதான். ஆனால் அச்சம் கற்பிப்பது என்ன? பார்க்கிறவர் இருக்கும்போது செய்யாதே என்பதைத்தான். படத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சர்க்கரை எடுத்த என் அண்ணன் அதற்குச் சாட்சி. வள்ளுவர் நூற்றிரண்டாம் அதிகாரத்தில் சொல்லும் நாண் வேறு. யாரும் பாராதபோதும் தன்னை இழிவான செயலிலிருந்து தடுக்கும் உள்ளுணர்வு அது. அது மதிக்கப்பட்ட பிள்ளையிடம் வளர்கிறது. குற்றவுணர்வு என்று நாம் புதிதாய்க் கூட்டிச் சொல்லும் சொல்லுக்குள் இந்த நாணும் இருக்கிறது, ஆணிக் கட்டுரையின் நடுக்கமும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென மயங்குவதே நம் பிழை.

எதிர்ப்புறத்திலும் ஒரு கூட்டம் உண்டு. குற்றவுணர்வே நோய், பிள்ளை எதற்கும் வருந்த வேண்டியதில்லை என்று கைப்பேசியில் காணொலி பார்த்துவிட்டு வந்து பேசும் பெற்றோர். இவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தங்கையை அடித்தவன் வருந்தத்தான் வேண்டும். வருந்தாதவனோடு யார் வாழ முடியும்?

வருத்தம் தேவைப்பட்ட இடத்தில் அது இல்லாமற்போனதுதான் நம் வரலாற்றின் அவலம். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்துக்குக் கால்சட்டைக் கோயில் என்றே பெயர் வந்தது. சாதிக்கொரு பக்கமாக இரண்டு நீள் மண்டபங்கள் பலிபீடத்தில் கூடுமாறு கட்டினார்கள், இடையே சுவர். இரு பக்கத்தாரும் ஒரே பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்து மார்பில் மும்முறை அறைந்துகொண்டார்கள். 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததற்காக மனம் நொந்தவர்கள் மீண்டும் கட்டித்தரக் கேட்டு வழக்காடி, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அதே 1910 ஆகத்துத் திங்களில்தான் பத்தாம் பத்திநாதர், ஏழு வயதளவில் விவரம் தெரிந்த பிள்ளைக்கு நன்மை கொடுக்கலாம் என்று ஆணையிட்டார். எண்ணிப் பாருங்கள்: ஏழு வயதுப் பிள்ளை மாங்காய் திருடியதை முழங்காலிட்டுச் சொல்ல வேண்டும். சுவர் கட்டிய பெரியவர்களின் பாவப் பட்டியலில் சுவர் இல்லை!

பெரியவர்கள் குற்றத்தை ஏற்றால் சிலுவை என்னவாகத் தோன்றும் என்பதற்கும் சான்று உண்டு. 2000 மார்ச்சு 12ஆம் நாள், புனித பேதுரு பேராலயத்தில், முதுமையால் தளர்ந்திருந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், திருச்சபையின் பிள்ளைகள் நூற்றாண்டுகளாகச் செய்த குற்றங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். பிறகு பெரிய மரச் சுரூபத்தை நெருங்கி இரு கைகளாலும் தழுவிக்கொண்டார். யாரையும் நோக்கி அதை நீட்டவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்; வெட்கமாக இருக்கிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய கடுமையான செய்தி ஒன்று உண்டு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நடந்ததற்கெல்லாம் தானே காரணம் என்று பழக்கப்பட்ட பிள்ளை, வயது வந்த ஒருவர் தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டாலும் தன்னையே குற்றவாளி என எண்ணி வாய்மூடிக் கிடக்கும். அயர்லாந்தில் 2009இலும் ஆசுத்திரேலியாவில் 2017இலும் வெளியான விசாரணை அறிக்கைகளில், சமய நிறுவனங்களில் துன்பப்பட்டோர் பல பத்தாண்டுகள் பேசாமல் இருந்ததற்கான காரணங்களுள் இந்த வெட்கமும் குற்றவுணர்வும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆணி கதை வீட்டுக்குள் ஒழுக்கம் வளர்க்கிறது என்று நம்பும் தாய், அறியாமலே வெளியாருக்குக் கதவைத் திறந்து வைக்கிறார்.

2015 ஏப்ரலில் பெட்டாலிங் ஜெயாவின் தாமான் மேடானில் கடைவீட்டில் இயங்கிய சிறு தேவாலயத்தின் சிலுவையை அகற்றக் கோரிச் சிலர் கூடியதும், அன்றே அச்சிலுவை இறக்கப்பட்டதும் நினைவிருக்கும். அது கத்தோலிக்க ஆலயமன்று. ஆனாலும் நாங்கள் எல்லாரும் வருந்தினோம். சிலுவை யாரையும் அச்சுறுத்தும் சின்னம் அன்று, அன்பின் சின்னம் என்று தேநீர்க் கடைகளில்கூட வாதாடினோம். நானும் வாதாடினேன். வீட்டுக்கு வந்தபோது சுவரில் திரு இருதயப் படம். அதன்கீழ்ப் பிள்ளைகளை மண்டியிட வைத்துத் தண்டனை கொடுக்கும் இடம் எங்கள் வீட்டில் அதுதான்! ஊருக்குச் சொன்ன வாதத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அன்றிரவே தண்டனை இடத்தை மாற்றினேன். பிறகு தண்டனையையும் விட்டோம்.

பேதுரு இயேசுவை மும்முறை மறுதலித்தவர். உயிர்த்தெழுந்தவர் திபேரியக் கடற்கரையில் கரியடுப்பு மூட்டி, மீன் சுட்டுக் காலை உணவு கொடுக்கிறார். உணவு முடிந்தபின் மூன்று முறை கேட்கிறார். மூன்று முறையும் ஒரே கேள்வி, என்மீது அன்பு உண்டா என்பது. ஏன் மறுதலித்தாய் என்று ஒரு முறையும் கேட்கவில்லை. பேதுருவுக்குத் தாம் செய்தது நினைவிருந்தது என்பது மூன்றாம் முறை அவர் மனம் நொந்ததிலிருந்தே தெரிகிறது. அதை எடுத்துக்காட்ட ஆணி வேண்டியிருக்கவில்லை.

அச்சிறுவனின் தாயாரை மீண்டும் பார்த்தேன். இக்கதையைத்தான் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்போ எங்கம்மா சொன்னது தப்பா சார்?" என்றார். உங்கள் அம்மாவும் உங்களை நேசித்தார், கையில் கிடைத்ததை எடுத்தார் என்றேன். பையன் புதுநன்மை வாங்கிவிட்டான். அறுபத்து மூன்று எண்ணிட்ட அந்தப் பயிற்சி நூலைக் கையில் கொண்டு போனானாம். குருவானவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் உண்மையாகவே உனக்கு வருத்தம் தருவது எது என்று கேட்டாராம். "தங்கச்சி" என்றானாம். அதுபோதும் என்றாராம்.

நான் சிலுவையை நீட்டிய அந்தப் பையனுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். மலையிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் லாரியில் வேலை. வழியில் எப்போதாவது பார்த்தால் இன்னும் "சார்" என்று கையைத் தூக்குகிறான். நானும் கையைத் தூக்கிவிட்டுப் போய்விடுவேன். சனிக்கிழமைகளில் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சரக்கு இறக்க வருவான் என்று சொன்னார்கள். இந்தச் சனிக்கிழமை போகிறேன்.